பெண்ணுக்கு வரன் பார்க்கிறீர்களா? பயோடேட்டாவை இப்படி எழுதுங்கள்

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தம், காதணி விழா பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். தை பிறந்துவிட்டால் மட்டும் பாதி வேலை கல்யாண பயோடேட்டாதான். பெண்ணின் அப்பா ஒரு துண்டுச் சீட்டோடு வருவார். "பொண்ணுக்கு வரன் பாக்க ஆரம்பிச்சிருக்கோம் தம்பி, நல்லா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்பார். "பொண்ணு இதைப் பாத்துச்சாண்ணே?" என்று கேட்பேன். பெரும்பாலும் பார்த்திருக்காது.

இப்படித்தான் ஒருமுறை ஒருவர் எழுதிக்கொண்டு வந்ததை வரி மாறாமல் அடித்துக் கொடுத்தேன். கடைசியில் "திருமணத்துக்குப் பின் வேலை கட்டாயமில்லை" என்று ஒரு வரி. இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணே கடைக்கு வந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பையனின் அம்மா, "வேலையை விட்டுருவேன்னு போட்டிருந்துச்சே" என்று கேட்டிருக்கிறார். வங்கித் தேர்வு எழுதி, கஷ்டப்பட்டு வேலைக்குப் போன பெண். அந்த வரி தாளில் இருப்பதே அதற்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. "இதை எடுத்துட்டுப் புதுசா போட்டுக் குடுங்கண்ணா" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னது. நான் அடித்ததிலேயே நல்ல பயோடேட்டா அதுதான். அன்றிலிருந்து பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன், முடியாதவர்கள் போனிலாவது படித்துக் காட்ட வேண்டும்.

முதல்முறை வரன் தேடும் வீட்டுக்காரர்களுக்காக, நான் கடையில் சொல்வதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் காகிதங்கள்

கம்ப்யூட்டரைத் தொடும் முன் மூன்றை எடுத்து வையுங்கள்: ஜாதக நோட்டு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார் அல்லது பாஸ்போர்ட். மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் இருக்காது.

பெயரில் வரும் குழப்பம் சின்னது. ஜாதகத்தில் பாட்டி பெயர் இருக்கும், சான்றிதழில் வேறு. சான்றிதழில் உள்ளதைப் போடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைத் தாளில் போட வேண்டாம். இனிஷியலை மட்டும் விடாதீர்கள். ஆங்கிலத்தில் எழுதினால் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

தேதிக் குழப்பம் பெரியது. ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்று தேதியை முன்னுக்கு இழுத்து, வயதைக் கூட்டி எழுதிய காலம் ஒன்று இருந்தது. அதன் மிச்சம் இன்னும் சில சான்றிதழ்களில் இருக்கிறது. ஜாதகம் பார்ப்பவருக்கு உண்மையான பிறந்த தேதிதான் வேண்டும், ஆகவே பயோடேட்டாவில் அதைப் போடுங்கள். சான்றிதழில் வேறு தேதி என்பதைப் பேச்சு கூடிவரும்போதே சொல்லிவிடுங்கள். நாளைக்குத் திருமணப் பதிவுக்கும் விசாவுக்கும் சான்றிதழ் தேதிதான் போகும். தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி கல்யாணமான 90 நாளைக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்த அலுவலகத்தில் நின்றுகொண்டு "இது என்ன வேற தேதி?" என்று மாப்பிள்ளை கேட்கும்படி வைக்காதீர்கள்.

இன்னொன்று: பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 என்பது சட்டப்படியான வயது. "பதினெட்டு முடியப் போகுது, இப்பவே போட்டு வைங்க" என்று யாராவது வந்தால் நான் அடிப்பதில்லை.

ஜாதகப் பகுதி: அவசரப்படக் கூடாத இடம்

தட்டச்சுப் பிழை அதிகம் வருவதும், அதனால் நல்ல வரன் தவறிப்போவதும் இங்கேதான். ஜாதகத்தில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது வேறு விஷயம். எதிர் வீட்டார் பார்ப்பார்கள் என்றால் சரியாக எழுதியாக வேண்டும்.

பிறந்த தேதி, நேரம், ஊர், நட்சத்திரம், பாதம் (நட்சத்திரத்தின் கால் பங்கு), ராசி, லக்னம், தசை இருப்பு (பிறக்கும்போது நடந்த தசையில் மீதியிருந்த காலம்), பின்னே ராசிக் கட்டமும் நவாம்சக் கட்டமும். இவ்வளவும் வேண்டும்.

நேரத்தை எழுதும்போது காலையா மாலையா என்று கட்டாயம் போடுங்கள். இரவு 2.30 மணி என்றால் இன்னும் கவனம். நம் பழைய கணக்கில் சூரிய உதயத்தில்தான் நாள் மாறும். "செவ்வாய் இரவு 2.30" என்று தாத்தா எழுதி வைத்திருந்தால், ஆங்கிலத் தேதிப்படி அது புதன்கிழமை. இந்த ஒரு நாள் தவறில் நட்சத்திரமே மாறிவிடும். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள்தான் ஆகிறது, ஒரு பாதத்துக்கு ஆறு மணி நேரம். லக்னம் இன்னும் வேகம், சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும்.

பழைய நோட்டில் மணிக்குப் பதில் நாழிகை இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு நாழிகை 24 நிமிடம். "உதயாதி 12 நாழிகை 30 விநாழிகை" என்றால் சூரிய உதயத்திலிருந்து ஐந்து மணி நேரம். அன்று அந்த ஊரில் 6 மணிக்கு உதயம் என்றால் பிறந்தது 11 மணி. உதய நேரம் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் ஜோசியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பாதத்தை ஏன் எழுத வேண்டும்? கார்த்திகை 1ஆம் பாதம் மேஷ ராசி. 2, 3, 4 பாதங்கள் ரிஷபம். மிருகசீரிஷம், புனர்பூசம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி எல்லாம் இப்படி இரண்டு ராசியில் கால் வைத்த நட்சத்திரங்கள். "விசாகம்" என்று மட்டும் எழுதினால் துலாமா விருச்சிகமா என்று கேட்டுப் போன் வரும். கேட்காமல் ஓரம் கட்டுகிறவர்களும் உண்டு.

வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா என்பதையும் ஒரு சொல்லில் போட்டுவிடுங்கள். இரண்டிலும் கணக்கு சற்று வேறுபடும். நட்சத்திரத்தின் விளிம்பில் பிறந்த பெண்ணுக்கு ஒன்றில் ஒரு பாதம், மற்றதில் வேறு பாதம் வரலாம். இரண்டையும் கலந்து எழுதி வைத்தால் எந்த ஜோசியருக்கும் ஒத்துவராது.

கட்டத்தை அடித்த பிறகு நான் செய்யும் சோதனைகளைச் சொல்கிறேன். ஜோசியம் தெரிய வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். ராகுவும் கேதுவும் நேர் எதிர்க் கட்டத்தில் இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து எண்ணினால் மற்றது ஏழாவது. புதன் சூரியன் இருக்கும் கட்டத்திலோ அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள கட்டத்திலோதான் இருக்கும். சுக்கிரன் சூரியனைவிட்டு இரண்டு கட்டத்துக்கு மேல் போகாது. சூரியன் இருக்கும் ராசி தமிழ் மாதத்தோடு ஒத்துப்போகும்: சித்திரை என்றால் மேஷம், ஆடி என்றால் கடகம். இதெல்லாம் ராசிக் கட்டத்துக்கு மட்டும், நவாம்சத்தில் இப்படிப் பார்க்க முடியாது. தசை இருப்பிலும் ஒரு சோதனை உண்டு. ரோகிணி என்றால் பிறப்பு சந்திர தசையில், அதற்கு மொத்தமே பத்து வருடம். இருப்பு 12 வருடம் என்று தாளில் இருந்தால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. "சு" என்றால் சுக்கிரன், "சூ" என்றால் சூரியன். ஒரு சுழியில் கிரகம் மாறிப்போகும். என் கையாலேயே இது நடந்திருக்கிறது.

நட்சத்திரத்தை மறைக்கலாமா என்று மெதுவான குரலில் கேட்பார்கள். மூல நட்சத்திரப் பெண்ணின் அப்பாக்கள்தான் அதிகம். மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று நம் ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. அதற்காக ஜாதகத்தைத் திருத்தி அடித்துக் கொடுக்க மாட்டேன். மூலத்தைப் பார்த்து ஓடுகிற வீடு, மாமனாருக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் உங்கள் பெண்ணைத்தான் பார்க்கும். அந்த வீடு இப்போதே ஒதுங்கிக்கொள்வது நல்லதுதானே. செவ்வாய் தோஷமும் அப்படித்தான். இருந்தால் "செவ்வாய் தோஷம் உள்ளது" என்று நேராகப் போடுங்கள், அதே ஜாதகம் தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஜாதகம் பார்க்காத வீடுகள் "ஜாதகம் பார்ப்பதில்லை" என்று ஒரு வரி போட்டுவிட்டு இந்தப் பகுதியையே விட்டுவிடலாம். கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேயா என்ற பிரிவையும் சபையையும் எழுதுவார்கள். முஸ்லிம் குடும்பங்களில் ஜமாஅத், ஹனஃபியா ஷாஃபியா, வீட்டில் பேசுவது தமிழா உருதுவா என்பது கேட்கப்படும்.

குலம், குலதெய்வம், ஊர்

இந்த வரிகளுக்கு ஒரு வேலை இருக்கிறது: இரண்டு வீடும் பங்காளி முறையா, சம்பந்தம் செய்யும் முறையா என்று எதிர் வீட்டுப் பெரியவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். பிராமணர் வீட்டில் கோத்திரம் பார்ப்பார்கள், ஐயங்கார் என்றால் வடகலையா தென்கலையா என்பதும் வரும். கொங்குப் பக்கம் கூட்டம் என்ற குலப் பிரிவு. நகரத்தார் வீட்டில் ஒன்பது கோயிலில் எந்தக் கோயில் என்பது. தெலுங்கு பேசும் குடும்பங்களில் வீட்டுப் பெயர். மற்றப் பல குடும்பங்களில் குலதெய்வத்தை வைத்தே கணித்துவிடுவார்கள். அதனால் "குலதெய்வம்: அங்காளம்மன்" என்று மட்டும் எழுதினால் போதாது, எந்த ஊர் அங்காளம்மன் என்று போடுங்கள். இது தெரியாமல் போட்டோ பார்த்து, பெண் பார்த்து, இரண்டு பேருக்கும் பிடித்தும்போய், கடைசியில் "அட, நாம பங்காளியாச்சே" என்று கலைந்த கதை ஒவ்வொரு ஊரிலும் ஒன்று இருக்கும்.

பூர்வீகம் வேறு, இப்போது இருக்கும் ஊர் வேறு என்றால் இரண்டையும் எழுதுங்கள். சாதி பார்க்காத குடும்பம் "சாதி, மதம் தடையில்லை" என்று எழுதலாம். எழுதுவதற்கு முன் வீட்டில் எல்லோரும் உண்மையிலேயே அப்படித்தானா என்று ஒருமுறை உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். தாளில் பெருந்தன்மையாகப் போட்டுவிட்டு, வரன் வந்ததும் பெரியப்பா முகம் சுளித்தால் அவமானம் வந்தவர்களுக்கு மட்டுமல்ல.

படிப்பும் வேலையும்

சுருக்கமாக முடிக்கலாம். பட்டம், பாடம், எந்த ஊரில் படித்தார் என்பது போதும். எல்.கே.ஜி.யிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், பேச்சுப் போட்டிப் பரிசும் வேண்டாம். அரியர் இருந்தால் "பி.இ." என்று எழுதி மறைக்காதீர்கள். பட்டம் வாங்கவில்லை என்பது எப்படியும் வெளியே வரும், வரும்போது படிப்பைவிட மறைத்ததுதான் பெரிதாகப் பேசப்படும்.

வேலையில் பதவி, துறை, ஊர். கம்பெனிப் பெயரையும் கிளையையும் முதல் தாளிலேயே போட வேண்டாம் என்பேன். இந்தத் தாள் எத்தனை கை மாறும் என்று உங்களுக்கே தெரியாது. பெண் எந்தக் கட்டடத்தில், எத்தனை மணிக்கு வேலை முடிந்து வரும் என்பது முகம் தெரியாதவருக்குத் தெரிய வேண்டியதில்லை. "தனியார் வங்கியில் உதவி மேலாளர், கோயம்புத்தூர்" என்றாலே புரிந்துவிடும்.

சம்பளம் எழுதுவதா வேண்டாமா? பெண் முடிவு செய்யட்டும். எழுதுவதாக இருந்தால் மாதம் கையில் வருவதா, ஆண்டுக்கு மொத்தமாகச் சொல்லும் தொகையா என்பதைத் தெளிவாகப் போடுங்கள். கம்பெனி சொல்லும் 6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து ஐம்பதாயிரம் என்று எழுதுவார்கள். பி.எஃப். அது இதுவென்று பிடித்தது போகக் கையில் வருவது குறைவாகத்தான் இருக்கும்.

உயரம், நிறம், எடை

உயரத்தை அளந்து எழுதுங்கள். ஹீல்ஸைக் கழற்றிவிட்டு, சுவரோடு நிறுத்தி. 5 அடி 3 அங்குலம் என்றால் 160 சென்டிமீட்டர். ஒரு அங்குலம் கூட்டிப் போடும் பழக்கம் இரு பக்கமும் உண்டு, நேரில் நிற்கும்போது இரண்டு பேருக்கும் சங்கடம்.

நிறம் என்ற வரியை நான் விட்டுவிடச் சொல்கிறேன். போட்டோ இருக்கிறதே. "மாநிறம்" என்று எழுதலாமா "வெளிர் மாநிறம்" என்று எழுதலாமா என்று ஒரு அம்மா அரை மணி நேரம் யோசித்தார். பக்கத்தில் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு, என் கடை மாதிரித் தாளிலிருந்தே அந்த வரியை எடுத்துவிட்டேன். எடைக்கும் இதே பதில்.

குடும்பம்

அப்பா பெயர், தொழில், அம்மா பெயர், தொழில், உடன்பிறந்தவர்கள். அம்மா வீட்டைக் கவனிப்பவர் என்றால் "இல்லத்தரசி". "வேலை இல்லை" என்று ஒருவர் எழுதி வந்தார், வீட்டுக்குப் போய் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டாரோ தெரியாது. காலமானவர் என்றால் பெயருக்கு முன் "அமரர்" போடலாம்.

உடன்பிறந்தவர்களை எண்ணிக்கையோடு நிறுத்தாமல், மூத்தவரா இளையவரா, திருமணமானவரா என்று எழுதுங்கள். "அண்ணன் 1 (திருமணமானவர்), தங்கை 1 (கல்லூரியில் படிக்கிறார்)". மூத்த அக்கா கல்யாணம் வேண்டாம் என்று இருந்தால் அதையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால் கற்பனைக்கு வேலை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சொத்து விஷயத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். "சொந்த வீடு உண்டு" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். "100 பவுன், கார்" என்று எழுதச் சொல்கிறவர்கள் இன்னும் வருகிறார்கள். கொஞ்சம் நாகரிகமானவர்கள் "தகுதிக்கேற்பச் சிறப்பாகச் செய்வோம்" என்பார்கள். அர்த்தம் ஒன்றுதான். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். கல்யாணத்துக்காகச் சொத்தில் பங்கு, பணம் தருகிறேன் என்று விளம்பரம் செய்வதற்கே தனியாக 4ஏ என்ற பிரிவு இருக்கிறது, ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்று அது சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். அப்படி எழுதிய தாளுக்கு வருகிற போன்களில் பாதி, பெண்ணின் பெயரைக் கேட்பதற்கு முன் பவுன் கணக்கைக் கேட்கும்.

பெண்ணைப் பற்றி நாலு வரி

"அடக்கமான, அமைதியான, பெரியவர்களை மதிக்கும், குடும்பப் பாங்கான பெண்." இந்த வரியை எத்தனை தடவை அடித்திருக்கிறேன் என்று கணக்கில்லை. ஒரு கீயைத் தட்டினால் வந்து விழுகிற மாதிரி வைத்திருந்தேன், அவ்வளவு தேவைப்பட்டது. இதை வைத்து ஒரு பெண்ணையும் இன்னொரு பெண்ணையும் பிரித்துச் சொல்லவே முடியாது.

இந்தப் பகுதியைப் பெண்ணே எழுதட்டும். எழுத வரவில்லை என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய்? வேலையில் எது பிடிக்கும்? வீட்டில் உன்னை எதற்குத் திட்டுவார்கள்? பதிலையே எழுதிவிடலாம். வங்கிக்காரப் பெண் எழுதியது ஏறக்குறைய இப்படி: "வேலை பிடிக்கும், திருமணத்துக்குப் பிறகும் தொடர்வேன். சமையல் சுமார், ரசம் நன்றாக வைப்பேன். வண்டி ஓட்டுவேன். புதியவர்களிடம் பேசக் கொஞ்ச நேரம் பிடிக்கும், பிறகு நிறுத்த மாட்டேன்." அப்பா முதலில் மறுத்தார். ரசத்தைப் பற்றிய வரிக்கு மட்டும் சிரித்துவிட்டார். அந்தத் தாளுக்கு வந்த போன்கள் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் பேசியவர்கள் எல்லோரும் தாளைப் படித்துவிட்டுப் பேசினார்கள் என்று பிறகு சொன்னார்.

எதிர்பார்ப்பு

"நல்ல குடும்பம், நல்ல குணம், கெட்ட பழக்கம் இல்லாதவர்" என்று எழுதி என்ன பயன்? என் மகனுக்குக் கெட்ட குணம் என்று யார் ஒதுங்கப் போகிறார்கள்? ஆமா இல்லையா என்று பதில் சொல்லக்கூடியதை எழுதுங்கள்: எவ்வளவு வயது வித்தியாசம் வரை, குறைந்தபட்சப் படிப்பு, எந்த ஊர்கள், வெளிநாடு சம்மதமா, சைவமா அசைவமா, கல்யாணத்துக்குப் பின் வேலைக்குப் போவதில் உறுதியா. நான்கைந்து போதும். பெண்ணுக்கும் பெற்றோருக்கும் இதில் கருத்து வேறுபாடு வரும், வரட்டும். அந்தச் சண்டை தாள் வெளியே போகும் முன் வீட்டுக்குள் நடந்து முடிவது நல்லது.

சொல்ல வேண்டியதை எப்போது சொல்வது

ஏற்கெனவே கல்யாணமாகி விவாகரத்து ஆனது, குழந்தை இருப்பது இவை தாளிலேயே இருக்க வேண்டும். விவாகரத்து என்றால் தீர்ப்பு வந்துவிட்டதா என்பதும் முக்கியம். தீர்ப்பு வந்து மேல்முறையீட்டுக் காலமும் முடிந்த பிறகுதான் மறுமணம் செல்லும், "கேஸ் நடக்குது, முடிஞ்சிரும்" என்ற நிலையில் பயோடேட்டாவைச் சுற்றுக்கு விடாதீர்கள்.

உடல்நலம் வேறு மாதிரி. தொடர்ந்து மருந்து எடுக்கும் நோய், பெரிய அறுவைச் சிகிச்சை போன்றவற்றை ஊரெல்லாம் சுற்றும் தாளில் அச்சடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஜாதகம் பொருந்தி, அவர்கள் பெண் பார்க்கக் கிளம்பும் முன் போனில் சொல்லிவிட வேண்டும். யார் சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது என்பதைப் பெண்ணிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், அது அவள் உடம்பு. முக்கியமான விஷயத்தை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் வாங்கினால், இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 12-இன்படி அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரி, ஏமாற்று தெரிந்த ஓராண்டுக்குள் வழக்குப் போட முடியும்.

போட்டோ

இரண்டு போதும், மூன்று தாராளம். ஒன்று சேலையில் முழு உருவம், ஒன்று சுடிதாரிலோ வழக்கமாக உடுத்தும் உடையிலோ, காலை வெயில் ஏறுமுன் மொட்டை மாடியில் எடுத்தது. ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டர் வேண்டாம். தோழியின் கல்யாணத்தில் எடுத்ததை வெட்டி ஒட்டினால் தோளில் யாருடைய கையோ மிச்சமிருக்கும்.

போட்டோவைத் தாளோடு சேர்த்து அச்சடிக்காமல் தனியாக வையுங்கள் என்பது என் பிடிவாதம். "ஜாதகம் பொருந்தினால் போட்டோ அனுப்புகிறோம்" என்பது யாருக்கும் தப்பாகப் படாத, நம் ஊரில் வழக்கத்தில் உள்ள பேச்சு. பையனின் போட்டோவும் அதே நேரத்தில் வரட்டும், ஒருவழிப் பாதை வேண்டாம்.

தாளில் வரக்கூடாதவை

பெண்ணின் கைப்பேசி எண், வீட்டுக் கதவு எண், ஆதார் எண், சமூக வலைத்தள முகவரி. தொடர்புக்கு அப்பா, அம்மா, அண்ணன் யாருடையதாவது ஒரு எண். ஊர், பகுதி வரை முகவரி. நேரில் வருகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொள்ளலாம். மேட்ரிமோனி தளத்தில் பதிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டு மாப்பிள்ளை பரிசு அனுப்பினேன், சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, வரி கட்டு என்று கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

அச்சும் அனுப்புதலும்

ஒரு ஏ4 பக்கம், பின்பக்கம் கட்டம். மேலே பிள்ளையார் சுழியோ உங்கள் வழக்கப்படியோ. பூ பார்டர், தங்க எழுத்து, மயில் எதுவும் வேண்டாம், ஜெராக்ஸ் போட்டால் மயில் காக்காய் ஆகிவிடும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், முதலில் படிக்கப் போவது கண்ணாடி போட்ட தாத்தாதான். சொந்தக்காரர்களுக்கும் தரகருக்கும் தமிழில் ஒன்று, வெளியூர் வரன்களுக்கு ஆங்கிலத்தில் ஒன்று. இரண்டிலும் தேதியும் நேரமும் ஒன்றாக இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலு மூலையில் மஞ்சள் தடவுவது அச்சடித்த பிரதிக்கு.

வாட்ஸ்அப்பில் அனுப்புவது பிடிஎஃப்பாகத்தான் இருக்க வேண்டும். வேர்டு கோப்பாக அனுப்பினால் எழுத்துரு இல்லாத போனில் கட்டம் இடம் மாறி, செவ்வாய் வேறு வீட்டில் போய் உட்கார்ந்துவிடும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததென்றால் ஒரு எழுத்துகூடப் புரியாது. கோப்புக்குப் பெயர் வைப்பதை யாரும் யோசிப்பதில்லை. "பயோடேட்டா ஃபைனல் 2" என்ற பெயரில் ஒரு தரகர் போனில் முப்பது கோப்பு கிடக்கும். "ரோகிணி 2 – எம்.காம். – 1998 – மதுரை" என்று வைத்துப் பாருங்கள், தேடுகிறவர் கையில் சட்டென்று கிடைக்கும்.

கொடுத்த பிறகு

ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். யாருக்கு, எந்தத் தேதியில், யார் மூலம் கொடுத்தோம், என்ன பதில் என்று ஒரு வரி. மூன்று மாதம் கழித்து அதே வீட்டுக்கு அதே ஜாதகத்தை வேறு தரகர் கொண்டுபோய் நீட்டுவது இதனால் தவிரும். "ஜாதகம் பொருந்தலைங்க" என்று பதில் வந்தால் சரி என்று வைத்துவிடுங்கள். அதில் பாதி உண்மை, பாதி மரியாதை. உங்கள் பக்கமிருந்து மறுக்கும்போதும் அதுதான் கைகொடுக்கும், ஆனால் பதில் சொல்லாமல் மட்டும் இருக்காதீர்கள்.

வேலை மாறினால், ஊர் மாறினால், வயது ஒன்று கூடினால் தாளைத் திருத்துங்கள். கீழே ஓரத்தில் சின்ன எழுத்தில் மாதமும் ஆண்டும் போட்டு வைத்தால் எது புதியது என்று தெரியும். திருத்தியதைப் பெண்ணிடம் மறுபடி காட்டுங்கள்.

நிச்சயம் ஆனதும் எல்லோரும் மறந்துவிடும் வேலை ஒன்று இருக்கிறது. நோட்டை எடுத்து, அதில் உள்ள தரகர்களுக்கும் சொந்தங்களுக்கும் "முடிந்துவிட்டது, போட்டோவை அழித்துவிடுங்கள்" என்று ஒரு தகவல் போடுங்கள். மேட்ரிமோனி தளத்தில் பதிவை நீக்குங்கள். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணுக்கு வரன் கேட்டு, நான் அடித்த பழைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டார் போன் செய்த கதை எனக்குத் தெரியும். போனை எடுத்தது மாப்பிள்ளை.